ஒன்றுக்குப் பூஜ்யத்தில் நின்ற ஆட்டம்

வயர்க்காரர், தான் தங்கியிருந்த விடுதியை நடத்தும் வீட்டம்மாவுக்குத் தர வேண்டிய வாடகை பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. அன்று மதியம் அதை ஒரு காக்கிக் கவரில் போட்டு, விடுதியின் ஆபீஸ் அறையில் அவர் கையிலேயே கொடுத்தார். வீட்டம்மா எண்ணிப் பார்த்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். மாலை ஏழு மணிக்கு டிராயரைத் திறந்தபோது கவரைக் காணவில்லை. பூட்டு உடைந்திருக்கவில்லை.

"மத்தியானம் பூரா இந்த ரூம்ல உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான்," என்றார் வீட்டம்மா. "கொடுக்கிற மாதிரி கொடுத்துட்டு, எடுத்துக்கிட்டீங்களோ என்னமோ."

வயர்க்காரர் ஊரெல்லாம் ஏணி ஏறி, நெட் வயர் இழுத்துச் சேர்த்த பணம். இன்னொரு தரம் சேர்க்க அவர் முதுகில் தெம்பு இல்லை. கொடுக்காவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கே போனாலும் திருடன் என்ற பெயர் முன்னால் போய் நிற்கும். பிறகு எவன் வீட்டுக்குள் விடுவான்?

வீட்டம்மா போன் செய்ததும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா வந்தார். வந்ததும் டிராயரைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"இங்க தங்கியிருக்கிற எல்லாருக்கும் ஒரே நெட்டுங்க. எவ்வளவு இழுக்கிறாங்களோ அவ்வளவு காசு. பில் எகிறுதுன்னு அம்மா சொன்னாங்க. அதான் அந்த ரவுட்டர்ல பென்டிரைவ் சொருகி, ஒரு பிராக்ஸி போட்டேன்."

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

வயர்க்காரர் கொஞ்சம் யோசித்தார். "வாசல்ல ஒரு ஆளை உக்கார வச்ச மாதிரிங்க. நீங்க ஒரு பக்கத்தைக் கேட்டா, அவன் வெளிய போய் வாங்கிட்டு வருவான். உங்ககிட்ட ஒண்ணு கொடுத்துட்டு, நகல் ஒண்ணைத் தன்கிட்ட வச்சுக்குவான். அடுத்தவர் அதையே கேட்டா வெளிய போகமாட்டான். கையில இருக்கறதை நீட்டிடுவான். காசு மிச்சம். பேங்க் மாதிரி பூட்டுப் போட்ட பக்கத்தையெல்லாம் தொடமாட்டான். திறந்து கிடக்கிற பக்கம் மட்டும்தான்."

"இந்த வீட்டு வைஃபையில இருக்கிற எல்லாரும் அவனைத் தாண்டித்தான் போகணுமா?"

"ஆமாங்க. போன்ல எதையும் மாத்தக்கூட வேண்டாம். அவன் இருக்கிறதே தெரியாது."

"வேலை செய்யுதான்னு எப்படிப் பார்த்தீங்க?"

"நாலே முக்காலுக்கு என் போன்ல இன்னைக்கு நடந்த கால்பந்து இறுதி ஆட்டத்தோட ஸ்கோர் பக்கத்தைத் திறந்தேன். வந்துச்சு. அஞ்சு மணிக்குச் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

அதுவரை மேசை மேலேயே கிடந்த சாவியை எடுத்து, ஐந்து மணிக்கு ஆபீஸைப் பூட்டியது வீட்டம்மா. கதவுச் சாவியும் டிராயர் சாவியும் ஒரே வளையத்தில் அவர் கைப்பையில் இருந்தன. கைப்பை ஹாலில் ஒரு நாற்காலியில் தொங்கியது. அவரோ ஏழு மணிவரை சமையலறையில்.

"அப்போ எடுத்தவர் அஞ்சு மணிக்கு முன்னாடி இவரா இருக்கலாம். இல்லைன்னா அதுக்கப்புறம் வீட்டுல இருந்த யாரா வேணும்னாலும் இருக்கலாம்," என்றார் ஏட்டம்மா. "அந்த நேரத்துல வீட்டுல யார் யாரு?"

இரண்டே பேர். மற்றவர்கள் வேலையிலிருந்து திரும்பவில்லை.

கீழறைத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். "மிஷினை விட்டு எந்திரிக்கவே இல்லைங்க. நடுவுல போனை எடுத்து ஸ்கோர் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தக் கொடுமையை ஏன் கேக்குறீங்க. எப்போ பார்த்தாலும் ஒண்ணுக்கு ஜீரோ. நம்ம பசங்க ஒண்ணு அடிச்சுட்டு அப்படியே படுத்துத் தூங்கிட்டாங்க போல. வீட்டு டிவியும் ரிப்பேருக்குப் போயிருக்கு."

அடுத்து, வீட்டம்மாவின் தம்பி. விடுதியில் எல்லோருக்கும் அவர் சின்னவர். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினார்.

"அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"மாடி ரூம்லதான். கதவைச் சாத்திட்டு ஸ்கோர் பார்த்துட்டிருந்தேன்."

"யார் நெட்டுல?"

"வீட்டு நெட்டுதான். என் போன்ல காசு தீர்ந்து பத்து நாளாச்சு. அக்காகிட்ட கேட்டா, வேலைக்குப் போடான்னு ஆரம்பிச்சுடும்."

"ஆட்டம் என்னாச்சு?"

"என்னத்தைச் சொல்ல. ஒண்ணு அடிச்சதும் தலைக்கனம் ஏறிடுச்சு. கடைசி நேரத்துல ரெண்டு வாங்கிட்டானுங்க."

வாசற்படியில் நின்ற தையல்காரர் எட்டிப் பார்த்தார். "தோத்துட்டோமா?"

ஏட்டம்மா முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். தையல்காரரின் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஒன்றுக்குப் பூஜ்யம், இருபத்து மூன்றாவது நிமிடம். வீட்டு வைஃபையில் சேராமல் சிம் நெட்டில் ஓடும் தன் போனில் அதையே திறந்தார். ஒன்றுக்கு இரண்டு, ஆட்டம் முடிந்தது.

"வாசல்ல உக்கார வச்சீங்களே ஒரு ஆள்," என்று வயர்க்காரரிடம் திரும்பினார். "நகலை எவ்வளவு நேரம் கையில வச்சிருப்பான்?"

வயர்க்காரர் தலையைச் சொறிந்தார். "ஆறு மணி நேரம். பில்லைக் குறைக்கணுங்கிற அவசரத்துல எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவா போட்டுட்டேன். ஸ்கோர் மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுறதை விலக்கி வச்சிருக்கணும். என் தப்புதான்."

"தப்பாவே இருக்கட்டும். நல்ல தப்பு." ஏட்டம்மா எழுந்தார். "நாலே முக்காலுக்கு நீங்க திறந்து பார்த்த பக்கத்தைத்தான் இந்த வீடு இன்னும் பார்த்துட்டிருக்கு. வீட்டு நெட்டுல இருந்தவருக்கு ஆட்டம் இன்னும் முடியலை. தையல்காரர் அதைத்தான் சொன்னாரு. அவர் இங்கதான் இருந்தாரு." சின்னவர் பக்கம் பார்த்தார். "போன்ல காசு இல்ல. வீட்டுல டிவி இல்ல. கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தவருக்கு, நாம தோத்தது எப்படித் தெரிஞ்சுது, தம்பி?"

சின்னவரின் கை பொத்தானிலேயே நின்றது. பதிலை அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"முக்குக் கடையில டிவி ஓடுதுக்கா. பந்தயம் கட்டுறாங்க. நாம ஜெயிச்சுட்டிருந்தோம். உன் பையில இருந்த சாவியால கவரை எடுத்துக் கட்டி, பணத்தை ஒண்ணுக்கு ரெண்டாக்கி, நீ அடுப்பை அணைக்கிறதுக்குள்ள கவரை அதே இடத்துல வச்சிடலாம்னு நெனச்சேன்."

"கவர் எங்கடா?"

"போச்சு. மொத்தமும்."

வீட்டம்மா அப்படியே மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தம்பியை அடிப்பார் என்று வயர்க்காரர் நினைத்தார். அடிக்கவில்லை. சின்ன வயதில் ஜுரம் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைக் காண முடியாமல் வயர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புகார் எழுதவா?" ஏட்டம்மா மெதுவாகக் கேட்டார்.

"எழுதிக்குங்க. இத்தனை நாள் இவன் தப்பை மூடி மூடி வச்சுத்தான் இங்க வந்து நிக்குது."

ஏட்டம்மா சின்னவரைக் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் அவர்கள் காலடிச் சத்தம் அடங்கியது. அறையில் இருவர் மட்டும். பணம் வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். பாக்கியில் பாதியையாவது மறுபடி தருகிறேன் என்று சொல்லிவிடலாமா என வயர்க்காரர் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பணம்..."

"என் கையில கொடுத்தீங்க. நான் எண்ணி வாங்கினேன். அப்புறம் காணாமப் போனது என் வீட்டுப் பணம், எடுத்தது என் ரத்தம்." வீட்டம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாயில வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. இனிமே அந்தப் பதினெட்டாயிரத்து நானூத்தி அம்பதை எனக்குத் தர வேண்டியவன் அவன்தான். நீங்க ஒரு பைசா தர வேண்டாம்."