சிவப்பில் தெரிந்த எண்

மெடெர் விடிவதற்கு முன் எழுந்தான். அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டினான். வறட்டி அடுக்கிப் பற்ற வைத்தான். வாளியில் தண்ணீர் மேலாக உறைந்திருந்தது. கரண்டியால் உடைத்துக் கெண்டியில் ஊற்றினான். குதிரைக்குப் புல் போட்டான். தேநீரில் பாலும் உப்பும் சேர்த்துக் குடித்தான். ரொட்டியில் பாதி தின்றான். குவளையைக் கழுவிக் கவிழ்த்தான். ஒரு பைனாகுலரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அட்பாஷி சந்தை முனையில் நாரின் நகரத்துக்குப் போகும் வண்டியில் ஏறினான்.

ஜானில் என்ற அவன் மனைவி இறந்து நாற்பதாம் நாள் சடங்கு அப்போதுதான் முடிந்திருந்தது.

நாரினில் இசாபெக்கின் அறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் மூடிய வழக்குகளை மக்கள் இங்கே கொண்டு வருவார்கள். இன்னும் போலீஸ் வேலையில் இருக்கும் லெப்டினன்ட் அய்சுலுவும் விடுமுறை நாட்களில் இங்கேதான் இருப்பாள்.

"சொல்லுங்க தம்பி," என்றார் இசாபெக்.

"என் பொண்டாட்டி அக்சாய் வேட்டை முகாம்ல வழிகாட்டி. மலையிலேர்ந்து விழுந்து செத்துட்டா. விபத்துன்னு எழுதி மூடிட்டாங்க. நானும் இல்லைன்னு சொல்லல."

"பின்னே என்ன வேணும்?"

"அவ கடைசியா என்ன சொன்னான்னு தெரியணும்."

அய்சுலு பேனாவைக் கீழே வைத்தாள்.

மெடெர் சொன்னான். அவன் தம்பி தாலாயும் அதே முகாமில் வழிகாட்டி. அனுமதிச் சீட்டில் மிச்சமிருந்த ஒரு மலையாட்டுக்காக அண்ணியும் கொழுந்தனும் மட்டும் மலைமுகட்டுக்குப் போனார்கள். தாலாய் சொன்ன கதை இது: அண்ணி தூரம் பார்த்து முந்நூற்றெண்பது மீட்டர் என்றாள். அவன் சுட்டான். ஆட்டுக்குக் காயம்தான் பட்டது, கீழே ஓடிவிட்டது. 'தப்பு என்னோடது, நான் போய்ப் பார்த்துட்டு வரேன், நீ இங்கேயே இரு' என்று சொல்லிவிட்டு அவள் கயிறு கட்டி இறங்கினாள். அவன் மேலேயே காத்திருந்தான். அவள் திரும்பி வரவில்லை.

"எங்கிட்ட மூணு தடவை சொல்லிட்டான். மூணு தடவையும் ஒரு வார்த்தை மாறல. நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேட்டாலே ரெண்டு விதமா சொல்றவன் அவன்."

"வேற?"

"இறங்கறவங்க கயித்தைத் தாண்டி வழுக்கிடாம நுனியில போடுற முடிச்சு இல்லையாம். கவனக்குறைவுன்னு ஊரே பேசுது. அவ மாவு மூட்டைக்கே ரெண்டு முடிச்சு போடுறவ."

பைனாகுலரை எடுத்து மேசைமேல் வைத்தான். அவளைக் கண்டெடுத்தபோது அவள் கழுத்தில் இருந்தது. தூரம் அளந்து உள்ளேயே எண் காட்டும் வகை.

இசாபெக் அதைக் கையில் எடுத்து உடனே கண்ணில் வைக்கவில்லை. கண் வைக்கும் ரப்பர் வளையங்களைத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் அடிவரை திருகி இறக்கப்பட்டிருந்தன.

"உங்க மனைவி மூக்குக்கண்ணாடி போடுவாங்களா?"

"இல்ல."

"ரெண்டு குழலும் நல்லா அகட்டி இருக்கு. அகலமான முகமா?"

மெடெர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "அவ கண்ணு ரெண்டும் மூக்கை ஒட்டியே இருக்கும். ஆந்தைன்னு கூப்பிடுவேன். நீதான்டா கழுதைன்னு திட்டுவா."

இசாபெக் ஜன்னல் பக்கம் திரும்பி எதிர்மலையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். கறுப்பு எண்கள் தெளிவாகத் தெரிந்தன. பிறகு அலமாரிக்கு அடியிலிருந்த இருட்டைப் பார்த்து அழுத்தினார். அய்சுலுவிடம் கொடுத்தார்.

"ஒண்ணும் தெரியலண்ணே. கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. கறுப்பு எண். இருட்டுல கறுப்பு எப்படித் தெரியும்? நாளைக்கு அக்சாய் போறோம்."

மறுநாள் முகாமின் முதலாளி பாயிஷ் வாசலிலேயே மூவரையும் பிடித்துக்கொண்டார். பருத்த மனிதர். துக்கம் விசாரிக்கத் தொடங்கி, பாதியிலேயே தன் கவலைக்கு வந்துவிட்டார்.

"கடைக்காரன் ரெண்டு விதம் குடுத்தனுப்பினான். வெளியே பார்க்க ரெண்டும் ஒண்ணேதான். ஒண்ணுல கறுப்பு எண், ஒண்ணுல சிவப்பா எரியுற எண். ரெண்டுல எது நல்லதுன்னு ஜானில் சொல்றேன்னா. சொல்லாமலே போயிட்டா. கறுப்புல பேட்டரி ரொம்ப நாள் வரும், சிவப்பு குளிர்ல சீக்கிரம் செத்துடும். நீயாவது சொல்லு மெடெர், எதை வாங்கறது?"

"இப்ப இதுவா முக்கியம், மாமா?" என்றாள் அய்சுலு.

"ஆளுங்க வெறுங்கண்ணோடயா மலையேறுவாங்க? நீ ஏறுவியா?"

இசாபெக் குறுக்கிட்டார். "அன்னிக்கு யார் எதை எடுத்துட்டுப் போனாங்க?"

"சிவப்பை ஜானில் கேட்டு வாங்கிக்கிட்டா. கறுப்பு தாலாய்கிட்ட."

"திரும்பி வந்தப்ப தாலாய் எதைக் குடுத்தார்?"

பாயிஷ் அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். "சிவப்பு," என்றார்.

"சுட்ட சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அப்பதான் ஜெனரேட்டர் போட்டு விளக்கேத்தினேன். அந்த நேரத்துல எதைச் சுடறானுங்கன்னு திட்டினேன்."

"அவர் திரும்பி வந்தப்ப எப்படி இருந்தார்?"

"விடிஞ்சுதான் வந்தான். அன்னிக்கு மழையோ பனியோ இல்ல, ஆனாலும் பூட்ஸ் ரெண்டும் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. நான்தான் வைக்கோல் திணிச்சு அடுப்பு பக்கத்துல வச்சேன்."

இசாபெக் சிவப்பு எண் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணக் குறி எரிந்தது. மெடெரிடம் காட்டினார்.

"சரிவுக்குறி," என்றான் மெடெர். "சுடறவங்க வைக்கிறது. ஜானில் வைக்கமாட்டா. வழி பார்க்கிறவளுக்கு அது ஆகாதும்பா. அவகிட்ட இருந்தா எப்பவும் கண்ணுலேர்ந்து இடம் வரைக்குமான நேர்த்தூரம்தான்."

மத்தியானம் முகட்டுக்கு ஏறினார்கள். மேலே வரை ஒற்றையடிப் பாதை. பனி கூட இல்லை, காய்ந்த மண். ஆறு மறுபக்கம், செங்குத்தான சரிவுக்குக் கீழே. கயிறு இன்னும் பாறையில் கட்டியபடி கிடந்தது. நாற்பது மீட்டர் கயிறு. அது தொங்கிய சரிவு ஏணியைச் சாய்த்து வைத்தது போல இருந்தது. வெகு கீழே ஒரு பாறைத்திட்டு, ஆள் நிற்கும் அளவு.

அய்சுலு ஏறும்போது முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். "தள்ளிட்டாண்ணே. சந்தேகமே இல்ல. பைனாகுலரை மாத்திட்டான், பொய் சொல்றான், வேற என்ன?"

"தள்ளினவன் கயிறு கட்டிக் குடுப்பானா?"

"கயித்தை அப்புறம் கட்டியிருப்பான்."

"முடிச்சைப் பாரு."

மெடெர்தான் பார்த்தான். பாறையில் இரண்டு சுற்று, மேலே இரண்டு முடிச்சு. "அவளோடது," என்றான். அதன்மேல் கையை வைத்தான். பிறகு எடுத்துவிட்டான்.

இசாபெக் சிவப்பு எண் பைனாகுலரால் திட்டைப் பார்த்தார். பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்ததும் சரிவுக்குறி அணைந்தது. மறுபடியும் பார்த்தார். அய்சுலுவிடம் கொடுத்து, இரண்டு விதமாகவும் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு அவள் கயிற்றின் நுனியைத் தேடினாள். பிறகு முகாமுக்கு இறங்கினார்கள்.

தாலாய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அகன்ற முகம், தடித்த மூக்குக்கண்ணாடி. அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மெடெர் எதிரே உட்கார்ந்தான். பாயிஷ் கதவைச் சாத்தினார்.

"தாலாய் தம்பி, நான் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க," என்றார் இசாபெக்.

தாலாய் தலையை ஆட்டினான்.

"சுட்டது விளக்கு வச்ச அப்புறம். அந்த இருட்டுல உங்க கறுப்பு எண் தெரியாது. அதனால அண்ணிகிட்டேர்ந்து சிவப்பை வாங்கிக்கிட்டீங்க. உங்களோடதை அவங்க கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. அதுல வளையம் இறங்கியிருக்கு, மூக்குக்கண்ணாடிக்காரர் இறக்கினது. குழல் உங்க முகத்துக்கு அகட்டினது. அவங்க அதுல பார்க்கவே இல்ல. பார்த்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அதனால முந்நூத்தெண்பதுன்னு சொன்னது அவங்க இல்ல. நீங்களே அளந்தீங்க. சுடறதுக்காகச் சரிவுக்குறியைப் போட்டுக்கிட்டீங்க."

தாலாய் நிறுத்தவில்லை.

"இப்ப கயிறு. முடிச்சில்லாம அவங்க இறங்கமாட்டாங்க. ஒரே ஒரு காரணத்துக்காக இறங்கியிருக்கலாம். கயிறு திட்டுல போய் விழுந்து இன்னும் மிச்சம் கிடக்குதுன்னு உறுதியாத் தெரிஞ்சிருந்தா, முடிச்சு எதுக்கு? இருட்டுல அது எப்படித் தெரியும்? யாரோ ஒரு எண் சொல்லியிருக்கணும். எண் தெரியற பைனாகுலர் ஒண்ணுதான், அது உங்க கழுத்துல. நீங்க மேல, அவங்க பக்கத்துல நின்னிருந்தா வாங்கி அவங்களே பார்த்திருப்பாங்க. அதனால நீங்க பக்கத்துல இல்ல. கீழ, திட்டுல இருந்தீங்க."

"முகட்டுப் பாதை காய்ஞ்சு கிடக்கு," என்றாள் அய்சுலு மெதுவாக. "அந்த வழியா வந்தா பூட்ஸ் நனையாது. ஆத்தைக் கடந்து வந்தாத்தான் நனையும்."

பாயிஷுக்குப் புரியவில்லை. "சரி, எண் சொன்னான். பார்த்ததைத்தானே சொன்னான்? அப்புறம் எப்படி விழுந்தா?"

"ஏணியைச் சுவத்துல சாய்ச்சு வச்சா, ஏணியோட நீளம் வேற. ஏணிக்காலுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற தரை வேற. தோட்டாவுக்குத் தரைதான் கணக்கு, அதான் சரிவுக்குறி போட்டா தரையை மட்டும் காட்டும். கயித்துக்கு ஏணிதான் கணக்கு. திட்டுக்குக் குறியோட பார்த்தா முப்பது. குறியை எடுத்துட்டுப் பார்த்தா அறுபது." இசாபெக் பைனாகுலரைக் கீழே வைத்தார். "அவங்க கயிறு நாற்பது. எண் வந்தது அவங்களோட பைனாகுலர்லேர்ந்து. அதுல எப்பவும் நேர்த்தூரம்தான் இருக்கும். அதனால நம்பினாங்க."

அடுப்பில் வறட்டி சரிந்தது. பாயிஷ் இரண்டு பைனாகுலரையும் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"வாங்கறதா இருந்தா, ரெண்டு தூரத்தையும் சேர்த்துக் காட்டுறதா வாங்குங்க. சிவப்பு எண்ணுல," என்றார் இசாபெக், அவரைப் பார்க்காமல்.

தாலாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தான்.

"சுடாதடா, வெளிச்சம் போச்சு, வீட்டுக்குப் போலாம்னாங்க," என்றான். "நான் கேக்கல. காயம்பட்டதை விட்டுட்டு வரக்கூடாதுன்னு நானே இறங்கினேன். வழுக்கித் திட்டுல போய் நின்னேன். ஏற முடியல. மேலேர்ந்து கூப்பிட்டாங்க. கயிறு பத்துமான்னு தெரியலடா, எம்பைனாகுலர் உங்கிட்டதானே, என்னைப் பார்த்து அளந்து சொல்லுன்னாங்க. முப்பதுன்னு சொன்னேன். பார்த்ததைத்தான் சொன்னேண்ணே."

"குறியை எடுக்கலியா?" என்றாள் அய்சுலு.

"ஞாபகமே வரல. விடிஞ்சப்புறம் பார்த்தா, திட்டுக்குப் பக்கத்துலயே ஆட்டுத்தடம் ஒண்ணு ஆத்துக்கு இறங்குது. சும்மா உக்காந்திருந்தாலே காலைல நடந்து வந்திருப்பேன். தடத்துல இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கயிறு பாதியிலயே தொங்குது. அப்பத்தான் அந்தக் குறி ஞாபகம் வந்துச்சு."

அய்சுலு இசாபெக்கைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். "விபத்துதான். எழுதினது சரி. வழக்கு ஒண்ணுமில்ல."

யாரும் எழுந்திருக்கவில்லை. மெடெர் தம்பியின் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னோடதுன்னு அவ சொல்லல," என்றான்.

"இல்லண்ணே. அது நான் சொன்னது."

"முப்பதுன்னு நீ சொன்னே. அதுக்கப்புறம் அவ என்ன சொன்னா?"

தாலாய் மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான்.

"மாத்தாம சொல்லு," என்றான் மெடெர். "அவ சொன்ன மாதிரியே."

தாலாய் முகத்தை அண்ணனுக்குக் காட்டாமல் அடுப்புப் பக்கம் திரும்பினான்.

"நான் அழுதுட்டிருந்தேன். அவங்களுக்குக் கேட்டிருக்கு. கயித்தைப் பிடிச்சு ஒரு காலை வச்சதும் சொன்னாங்க: 'அழாத தாலாய். உங்கண்ணன்கிட்ட சொல்லமாட்டேன்.'"