வயிற்றுப் பட்டையின் மூச்சு

அவன் மூச்சை அடக்கியிருந்தான். ஆனால் வயிற்றுப் பட்டைக்கான முள் காகிதத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே அலமாரிக் கண்ணாடியில் அது நன்றாகவே தெரிந்தது.

பொய் கண்டறியும் சோதனைக்காக நெஞ்சில் ஒரு ரப்பர் பட்டை, வயிற்றில் ஒன்று, விரல்களில் தகடுகள் என்று மாட்டி, ஜன்னல் சாத்திய அந்த அறையில் பகலிலேயே விளக்கைப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. மச்சினன் காணாமல்போனதிலிருந்து மனைவி தாய்வீட்டில் இருந்தாள். "இதுல நீங்க தேறினா வீட்டுக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். அவள் இல்லாத வீட்டில் அவனால் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

சூட்சுமம் அவனுக்கு அத்துப்படி. இன்று வியாழனா என்பது போன்ற சப்பைக் கேள்விகள் கணக்கில் வராது. நம்பியவர்களிடம் பொய் சொன்னதுண்டா என்பார்கள். இல்லையென்று எல்லோரும்தான் புளுகுவார்கள். குற்றமற்றவனுக்கு அந்தக் கேள்வியில்தான் அதிகம் படபடக்கும், குற்றவாளிக்கு வழக்குக் கேள்வியில். ஆகவே அங்கே செருப்புக்குள் கட்டைவிரலை அழுத்தி, நாக்கைக் கடித்துப் படபடப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். வழக்குக் கேள்வியில் சாவகாசமாக இருக்க வேண்டும். எல்லாக் கேள்விகளையும் முன்னாலேயே வாசித்துக் காட்டிவிடுவது வேறு இவர்கள் வழக்கம். சீட்டைக் காட்டிவிட்டு ஆடுகிறவனிடம் தோற்பானா?

"உங்க மச்சினனை நீங்க கொன்னீங்களா?" என்றார் பரிசோதகர்.

"இல்லை."

முள் கிர்ரென்று இழுத்து, நடுவில் தடுக்கி, விசிலோடு இறங்கியது. கிரீஸும் ஈரத் தூசியும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது. மச்சினனுக்கு இளைப்பு உண்டு. லிஃப்ட் குழிக்குள்ளிருந்து கடைசியாகக் கேட்டதும் இதே மூச்சுதான்.

"பட்டை சரியில்ல போல" என்று பரிசோதகர் இறுக்கிக் கட்டினார். அதே கேள்விகள் மறுபடி. அதே மூச்சு. பயத்தில் அவனுக்கு முதுகு நனைந்தது. வரட்டுமே. மச்சினனை உயிரோடு இருந்தபோதே அடக்கியவன்தான். பொய் சொன்னதுண்டா என்ற கேள்வியில் கட்டைவிரலை அழுத்தினான். நாக்கைக் கடித்தான்.

"வயித்துப் பட்டையை விட்டுட்டுப் பாத்தா, நீங்க சொன்னதுல பொய் இல்லன்னுதான் வருது." பரிசோதகர் பட்டைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்து மனைவியை அழைத்தார்.

ஜெயித்துவிட்டான்.

முள் நிற்கவில்லை.

மேசைமேல் பட்டை உப்பியது. தடுக்கியது. இறங்கியது. பரிசோதகர் ஓடிப்போய் மின்இணைப்பைப் பிடுங்கினார். மறுபடி உப்பியது.

மனைவி அலறவில்லை. இளைப்பு வரும்போதெல்லாம் தம்பியின் முதுகைத் தடவுவதுபோல அந்தப் பட்டையைத் தடவினாள்.

"மெதுவா விடுடா. அவசரமில்ல."

பரிசோதகரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவருதானா?"

முள் காகிதத்தின் ஓரத்துக்குத் தாவியது.

"இல்லை" என்றான் அவன். அவனை யாரும் கேட்கவில்லை.

"லிஃப்ட் குழியிலயா?"

"இல்லை."

முள் காகிதத்தைக் கிழித்தது.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. தடவிக்கொண்டே கேட்டாள்.

"இவரு கதவை மூடும்போது நீ உயிரோட இருந்தியா?"

"இல்லை. இல்லை."

பட்டை பதில் சொல்ல மூச்சை உள்ளே இழுத்தது.