பதினேழாம் வாய்ப்பாடு

மாலைச் சாவுச்செய்தி தொடங்கியபோது தெய்வானை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. மணிக்கட்டில் இருந்த துக்கமானி அதைப் பொருட்படுத்தவில்லை. பச்சையாகவே எரிந்தது.

அது கண்ணீரைப் பார்ப்பதில்லை, பேச்சை ஒட்டுக்கேட்பதில்லை. இரத்தத்தைப் படிக்கும். பயத்துக்கும் கோபத்துக்கும் இல்லாத ஒரு சுவடு துக்கத்துக்கு மட்டும் இரத்தத்தில் உண்டு என்று நேசநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். நாடு ஆற்றோடு இரண்டாகப் பிளந்தபோது உறவுகள் பிளக்கவில்லை. யாருக்கு மேல்கரையில் ஆள் இருக்கிறது என்று கீழ்கரை அரசு தெரிந்துகொள்ள விரும்பியது. விமானமும் குண்டும் கொடுத்த நேசநாடு இதையும் கொடுத்தது. அன்றாடம் மேல்கரையில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வானொலி வாசிக்கும். எந்தப் பெயருக்கு யார் விளக்கு சிவக்கிறதோ, அவர் வீட்டுக்கு வண்டி வரும். போனவர்கள் திரும்பியதில்லை.

"நல்லபெருமாள்," என்றது வானொலி. தெய்வானையின் அண்ணன்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் மாசிலாமணி தரையில் விரலால் தட்டினான். "பதினேழு மூணு?"

"அம்பத்தொண்ணு."

"ஏழு?"

"நூத்திப் பத்தொம்பது."

அவன் கண்டுபிடித்த வழி அது. பெயர் காதில் விழும் நொடியில் மனம் கணக்கில் மாட்டிக்கொண்டால் செய்தி இரத்தத்துக்குப் போய்ச் சேராது. சின்ன வாய்ப்பாடு உதவாது, மனம் நழுவிவிடும். பதினேழு பிடித்து வைத்துக்கொண்டது.

பச்சை மாறவில்லை.

"ஒங்கண்ணனுக்கு ரெண்டாம் வாய்ப்பாடே தகராறு," என்றான் மாசிலாமணி.

தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள், பிறகு அதை விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் நேசநாட்டு விமானம் ஒன்று கரை மாறிக் குண்டு போட்டது. மாசிலாமணி வேலை பார்த்த அரிசி ஆலை அவன்மேல் விழுந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவனுடைய அடையாள அட்டை இருந்தது. அது செல்லாது என்றார்கள். எதிரிகள் கள்ள அட்டையோடு ஊடுருவுகிறார்களாம். அட்டையை யாரும் அச்சடிக்கலாம், துக்கத்தை அச்சடிக்க முடியாது. விளக்கு சிவந்தால் உறவு, உடலைக் கொண்டுபோகலாம்.

"துணிய விலக்குறேன்," என்றான் ஊழியன். "பாத்துட்டுக் கைய இங்க வைங்கம்மா."

முகத்தில் பாதி இருந்தது. தெய்வானை பார்த்தாள். அவள் கூப்பிடாமலே கணக்கு வந்துவிட்டது. பதினேழு, முப்பத்து நாலு, அம்பத்தொண்ணு, அறுபத்தெட்டு. தரையில் தட்டுகிற விரல் துணிக்கு வெளியே கிடந்தது. எண்பத்தஞ்சு.

பச்சை.

"இன்னொரு தடவ பாருங்க."

பார்த்தாள். பச்சை.

"ஒங்க ஆளு இல்லபோல."

"சட்டைப் பொத்தான் நான் தச்சது. வெள்ள நூல் தீந்துபோச்சுன்னு நீல நூல்ல தச்சேன். திருப்பிப் பாருங்க."

அவன் திருப்பிப் பார்த்தான். நீல நூல்தான். "எனக்குத் தெரியுதும்மா. மிஷினுக்குத் தெரியணுமே."

அவள் நகரவில்லை. கையைக் கிள்ளிக்கொண்டாள். கல்யாணத்தை நினைத்துப் பார்த்தாள். கல்யாணத்திலும் யாரோ பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளை ஒதுக்கி நிறுத்தினார்கள். அடுத்து ஒரு கிழவர் தன் மகனைப் பார்த்தார். உதடுகள் மெல்ல அசைந்தன. கடைத்தெரு, சந்தைமுக்கு, பழைய பாலம், டிப்போ. பேருந்து நிறுத்தங்கள். அவர் வழி அது. அவருக்கும் பச்சை.

அன்று ஓர் உடல்கூட வெளியே போகவில்லை. நேசநாட்டுக்கு அறிக்கை போனது. ஆலையில் செத்தவர்களுக்காகக் கீழ்கரையில் யாரும் துக்கப்படவில்லை, ஆகவே அவர்கள் கீழ்கரைக்காரர்கள் அல்லர், ஆகவே குண்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

மாலையில் வானொலி எதிரிகளின் பெயர்களை வாசித்தது. தெய்வானை உலையில் அரிசி போட்டாள். இரண்டு பேருக்கான அரிசி.

"மாசிலாமணி. ஊடுருவி வந்தவன்."

பதினேழு மூணு, என்று தொடங்கினாள். தரையில் விரல் தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. பதினேழு மூணு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணிக்கட்டு சிவந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். காற்றில் அகல் கொண்டுபோகிறவள்போல ஒரு கையால் மறு கையை மறைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் வண்டி வந்து மறித்தது.

"எங்க போற?" என்றான் காவலன்.

"ஆஸ்பத்திரிக்கு. செவப்பு ஏறிடுச்சு, பாருங்க."

"எதிரி பேருக்கு ஏறியிருக்கு. நீ அவனுக்கு உறவு. உள்ள ஏறு."

"உறவுன்னு நீங்களே சொல்றீங்க."

"மிஷின் சொல்லுது."

"அப்ப அத எழுதிக் குடுங்க," என்றாள் தெய்வானை. "போற வழிதான். அவர வாங்கிக்கிட்டுப் போயிரலாம்."

காவலன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய உதடுகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.