ஒரே ஒரு முழுப்பானை

டாக்டர் சீனிவாசராகவன் செத்துப் போயிருந்தார்.

அதில் சந்தேகமே வேண்டாம். அவர் தலையில் இறங்கிய பானைக்கு வயது ஆயிரத்து எண்ணூறு. தலைக்கு வயது அறுபத்தொன்று. இரண்டுமே தப்பவில்லை!

எதிரில் கிறிஸ்டோபர் நின்றிருந்தான்.

கொன்றவன் அவன்தான். யார் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்... அந்த வேலையைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இவன் தப்பிப்பானா, மாட்டுவானா என்பதுதான் நம் கவலை.

1999, ஜூலை. பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் ஒரு தனியார் தொல்லியல் மையம். மாலை ஐந்தரை. மற்ற ஊழியர்கள் ஐந்து மணிக்கே போய்விட்டார்கள்.

சீனிவாசராகவன் அதன் டைரக்டர். கிறிஸ்டோபர் பதினோரு வருடமாக அங்கே டிராப்ட்ஸ்மேன். கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல் ஆள். தினமும் ரயிலில் வந்து போகிறவன்.

மரக்காணம் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் மையம் தோண்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கழிமுகத்து உப்புத் தண்ணீரை மண்பானையில் காய்ச்சி உப்பு எடுத்த இடம். காய்ச்சக் காய்ச்ச உப்பு பானைக்குள் கல்லாக இறுகிவிடும். பானையை உடைத்தால்தான் உப்பு கைக்கு வரும். அதனால் அங்கே கிடைத்ததெல்லாம் ஓடு... மேடு மேடாக ஓடு! பெயருக்குக்கூட ஒரு முழுப்பானை இல்லை.

உடைந்த ஓடுகளை வைத்துக்கொண்டு பானையை வரைவது கிறிஸ்டோபரின் வேலை. கண்ணால் பார்த்த பாகத்துக்கு முழுக்கோடு. பார்க்காத பாகத்துக்கு, இப்படி இருந்திருக்கலாம் என்று புள்ளிக்கோடு.

சீனிவாசராகவனுக்குப் புள்ளிகள் பிடிக்கவில்லை.

விளிம்பை ரோமானிய ஜாடி மாதிரி வெளியே வளைத்துப் போடு என்றார். புள்ளி வேண்டாம், முழுக்கோடாகவே போடு என்றார். கிறிஸ்டோபர் மறுத்துப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போட்டான். உப்பு காய்ச்சிய மேடு, வெளிநாட்டுக் கப்பல் வந்து போன துறைமுகமாகிவிட்டது! லண்டன் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. டைரக்டருக்கு மாலை, மேடை, விருது.

பொய் எத்தனை நாள் தாங்கும்? லண்டனிலிருந்து கேள்விகள் வர ஆரம்பித்தன.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் மரக்காணத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. டைரக்டருக்கு முந்தின நாளே போனில் விஷயம் சொல்லியிருந்தார்கள்.

வைக்கோலுக்குள்ளே முழுப்பானை! அடுப்பில் ஏறாமலே மண்ணுக்குள் போய்விட்ட ஒன்று. நேரான விளிம்பு. விளிம்பில் யாரோ ஒரு உப்புக்காரன் கட்டைவிரலால் அழுத்திய மூன்று பள்ளங்கள். ரோமும் இல்லை, கப்பலும் இல்லை.

கிறிஸ்டோபருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், விளிம்பு நேராதான் இருக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேனே சார்."

டைரக்டர் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். லண்டனுக்கு எழுதிய கடிதத்தின் காப்பி. படங்களில் நடந்த பிழைக்கு முழுப் பொறுப்பு டிராப்ட்ஸ்மேன் கிறிஸ்டோபர்... என்னைக் கேட்காமல் வரைந்துவிட்டான்... வேலையை விட்டு நீக்கிவிட்டேன்... சரியான பானையை இப்போது நானே கண்டுபிடித்திருக்கிறேன்...

"காலையிலயே போஸ்ட் பண்ணிட்டேன்" என்றார். "கோச்சுக்காதே கிறிஸ்டோபர். உனக்கு எங்கே வேணாலும் வேலை கிடைக்கும். என் பேர் போச்சுன்னா திரும்ப வராது."

சொல்லிவிட்டுக் குனிந்து பெட்டியின் வைக்கோலை ஒதுக்கினார்.

பானை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அடியைப் பிடித்துத் தூக்கினான். வாய்ப்பக்கம் தலையில் இறங்கியது.

அடுத்த நொடிதான் அவனுக்கு உறைத்தது. தன் பக்கம் சாட்சி சொல்ல உலகத்தில் இருந்தது அந்த ஒரு பானைதான்! அதையும் உடைத்தாயிற்று. செத்தவருக்காக அல்ல, அந்தப் பானைக்காக அழுதான்.

பிறகு மூளை வேலை செய்தது. கடிதத்தைப் பாக்கெட்டில் திணித்தான். ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். அலமாரிகளைக் கலைத்தான். டைரக்டரின் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஏரியில் எறிந்தான். ஊருக்குப் போகும் வழக்கமான மாரிகுப்பம் வண்டி போயிருந்தது. அடுத்த வண்டியில் போனான். வீட்டு அடுப்பில் கடிதம் எரிந்தது. மனைவி ஜோசபின் என்ன எரிகிறது என்று கேட்டதற்குப் பழைய காகிதம் என்றான்.

இன்ஸ்பெக்டர் ஜெயவேலு எல்லோரையும் விசாரித்தார். கிறிஸ்டோபரோடு தினமும் ரயிலில் சீட்டாடும் கோஷ்டியையும் கேட்டார்.

"அவன் இல்லாம நாங்க சீட்டுக்கட்டையே கலைக்க மாட்டோம் சார்" என்றான் யூஜின்.

அவன் பொய் சொல்லவில்லை. பதினோரு வருடமாகப் பார்க்கிற முகம். அது இல்லாத ஒரு நாளை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

ஜன்னல் வழியாக வந்த திருடன் எவனோ என்று வழக்கு மெல்லத் தூங்கப் போனது. கிறிஸ்டோபர் மூச்சு விட ஆரம்பித்தான்...

பதின்மூன்றாம் நாள் சங்கமித்ரா ஸ்டேஷனுக்குப் போனாள். மையத்தின் இளம் ஆய்வாளர். அவளும் கே.ஜி.எஃப்.தான். உடைந்தாலும் அது பழம்பொருள், போலீஸ் சீல் வைப்பதற்குள் பதிவேட்டுக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். ஜெயவேலு தலையாட்டினார். ரத்தம் பட்ட ஓடுகள் முதல் நாளே தடயவியல் லேபுக்குப் போயிருந்தன. மீதி முப்பத்தொன்று துணிப்பையில் வந்தன.

கிறிஸ்டோபர் வரைய முடியாது என்று சொல்லியிருக்கலாம். பையை வாங்கிக்கொண்டான்.

இரண்டு நாள் தலை நிமிராமல் உட்கார்ந்தான். ஓடுகளை ஒட்டினான். அளந்தான். வரைந்தான். ஜோசபின் கட்டிக் கொடுத்த சாப்பாடு தொடாமல் திரும்பிப் போயிற்று. வளைத்துப் போடு என்று சொல்ல இப்போது பின்னால் யாரும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அந்தக் கொலைகாரன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்!

பதினாறாம் நாள் காலை ஜெயவேலு ஒரு சின்ன கவரோடு வந்தார்.

"லேப்ல இருந்து வந்துருச்சும்மா. வாய்ப்பக்கத்து ஓடு, அஞ்சு. இதையும் ஸ்வல்பம் வரைஞ்சு குடுத்தீங்கன்னா, சீல் வெச்சு கேஸை மூடிடலாம்."

"அதான் வரைஞ்சாச்சே சார்" என்றாள் சங்கமித்ரா, படத்தை விரித்து.

கவரிலிருந்து ஓர் ஓட்டுத்துண்டை எடுத்து அதன் மேல் வைத்தாள். பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. கட்டைவிரல் பள்ளம் ஒன்று... இரண்டு... மூன்று...

அவள் கை அப்படியே நின்றது.

ஜெயவேலு படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இந்த அஞ்சும் லேபை விட்டு வெளியவே வரலியேம்மா. முழுசா இருக்கறப்ப இங்க இதை யார் பார்த்தது?"

"டைரக்டர் மட்டும்தான் சார். பெட்டி வந்தப்ப நாங்க எல்லாம் கிளம்பி..."

முடிக்கவில்லை. கிறிஸ்டோபர் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"அண்ணா... புள்ளிக்கோடு போட்டிருக்கலாமேண்ணா."

கிறிஸ்டோபர் பென்சிலைக் கீழே வைத்தான்.

"கண்ணால பார்த்ததை எப்பிடிம்மா புள்ளியில போடறது?"

அவ்வளவுதான்! வேறு வாக்குமூலம் தேவைப்படவில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னான். வளைத்த விளிம்பு, கடிதம், அடுப்பு எல்லாம். அந்தக் கடிதமாவது கையில் இருந்தால் கோர்ட் கொஞ்சம் இரக்கம் காட்டும் என்றார் ஜெயவேலு. எரித்துவிட்டேனே என்றான்.

சங்கமித்ரா அழுதபடி தன் பையைத் திறந்தாள். அன்று காலைத் தபாலில், செத்துப்போனவர் பெயருக்கு லண்டனிலிருந்து வந்த கடிதம். அதைக் கிறிஸ்டோபருக்குக் காட்டி அவனைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்திருந்தாள்.

ஜெயவேலு வாங்கிப் படித்தார். டிராப்ட்ஸ்மேன் மேல் பழி போடுவதை ஏற்க முடியாது... முழுப் பொறுப்பும் டைரக்டருடையது... கட்டுரையை நீக்குகிறோம்... எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் இதை எழுதியிருக்கிறோம்...

கிறிஸ்டோபர் இரண்டு கைகளையும் நீட்டினான். ஜெயவேலு விலங்கை எடுக்கவில்லை; கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒரு பதினாறு நாள் பொறுத்திருந்தா, இதைப் படிச்சுட்டு அந்த ஆளு தானே செத்திருப்பாரேய்யா" என்றார்.