மீட்டரில் மூன்றாவது எண்

ஸஹ்னாவின் வீட்டுக் காருக்கு ஜப்பான் மொழி மட்டும்தான் தெரியும்.

காலையில் வாப்பா அதை இயக்கியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்லும். என்ன சொல்கிறது என்று அவர்கள் ஊரான அலுவிகாரையில் ஒருவருக்கும் தெரியாது. ஆறு வயதுத் தம்பி பஸ்லி மட்டும் தினமும், "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஏறுவான்.

அது மின்சாரக் கார். பெற்றோலே வேண்டாம். ஆனால் புதுக் கார் இல்லை, ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற பழைய கார். அதை வாங்க வாப்பா ஸுஹைல் தன்னுடைய முச்சக்கர வண்டியை விற்றார். அது போதவில்லை. உம்மா றுஸைனா இரண்டு கைகளிலும் கிடந்த காப்புகளைக் கழற்றிக் கொடுத்தார்.

"பெற்றோல் காசு மிச்சமாகும். இன்ஷா அல்லாஹ், இதைவிட நல்ல காப்பு வாங்கித் தாறேன்" என்றார் வாப்பா.

காலையில் ஸஹ்னாவோடு இன்னும் மூன்று பிள்ளைகளை மாத்தளையில் அவரவர் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். பிறகு ஆஸ்பத்திரி, சந்தை என்று வாடகைக்கு ஹயர் ஓடுவார். பொழுதுபட்டதும் வரும் மஃரிப் தொழுகைக்குச் சரியாக வீடு வந்துவிடுவார். வந்ததும் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் காரில் சார்ஜ் வயரைக் குத்துவார். முகம் கைகால் கழுவி வுளூச் செய்து, தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடப்பார்.

"நான் தொழுதுட்டு வாறதுக்குள்ள இதுவும் வயிறு நெறையச் சாப்பிடட்டும்" என்பார்.

கார் நன்றாகத்தான் சாப்பிட்டது. எவ்வளவு சாப்பிட்டது என்று முதல் மாத கரண்ட் பில் வந்தபோதுதான் தெரிந்தது.

வாப்பா பில்லைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் நல்ல செய்தி எதுவும் இல்லை.

"பெற்றோலுக்கே இவ்வளவு போனதில்லையே!" என்றார்.

"வீட்டுலயும் நாங்க கொஞ்சம் கூடத்தான் பாவிக்கிறோம். குறைச்சிப் பார்ப்போம்" என்றார் உம்மா.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கரண்டுக்குப் பஞ்சம் வந்தது. ஃப்ரிட்ஜ் நின்றது. உம்மா அம்மியில் சம்பல் அரைத்தார். ஸஹ்னா பள்ளிச் சீருடையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். அதுதான் இஸ்திரி. பஸ்லி இருண்ட டீவிக்கு முன்னால் உட்கார்ந்து, தானே கார்ட்டூன் சொல்லி, தானே சிரித்துக்கொண்டான். சில நாட்களில் அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பில் வந்தது. ஒரு கொத்து ரொட்டி வாங்கும் காசுதான் குறைந்திருந்தது.

அன்று இரவு வாப்பா சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அதிகம் பேசுவதே இல்லை. வருவார், சார்ஜ் வயரைக் குத்துவார், தொழப் போவார், வந்து படுப்பார். காரில் ஏறும்போது பஸ்லி ஸலாம் சொன்னாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் பின்னேரம் ஹுஸ்னி நானா வந்தார். வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்பும் ஏஜென்சியில் வேலை செய்கிறவர் அவர். போகும்போது வாப்பாவின் பாஸ்போட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸஹ்னா குசினிக்கு ஓடினாள்.

"உம்மா, வாப்பா எங்க போறாரு?"

உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் கண்ணீர் என்று நினைக்க ஸஹ்னா ஆசைப்பட்டாள்.

"கட்டாருக்கு. டிரைவர் வேலை. காரை விக்கப் போறாரு மகள்."

"எவ்வளவு நாளைக்கு?"

"மூணு வருசமாம்."

மூன்று வருடத்தில் பஸ்லிக்கு ஒன்பது வயதாகிவிடும். வாப்பா போனில் மட்டும் தெரிகிற ஆளாகிவிடுவார். ஸஹ்னாவின் வகுப்பில் நிப்லா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுடைய வாப்பா சவூதியில் இருந்து வந்தபோது அவளுடைய தங்கச்சி அவரை "அங்கிள்" என்று கூப்பிட்டதாம். அதை முதலில் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது ஸஹ்னாவுக்கு அது பகிடியாகத் தெரியவில்லை.

காரைப் பார்க்க வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உக்குவளையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது.

வீட்டுக்குள் விளக்குப் போடக்கூடாது என்பதால் ஸஹ்னா முன்வாசல் படியில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுவாள். அங்கே மட்டும் ஒரு சின்ன பல்ப் எரியும். தலைக்கு மேலே சுவரில் கரண்ட் மீட்டர் இருந்தது. கார் வாங்கிய கையோடு பழைய மீட்டரை எடுத்துவிட்டு வாப்பா போடுவித்த புது மீட்டர் அது. அன்று பாடம் ஓடவில்லை. 'எல்லாம் உன்னால்தான்' என்று அதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

மீட்டரில் ஓர் எண் தெரிந்தது. அது மறைந்து இன்னோர் எண் வந்தது. பிறகு மூன்றாவதாக ஒன்று. பிறகு மறுபடியும் முதல் எண்.

கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டாவது எண் மட்டும் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை.

அடுத்த நாள் பள்ளிவிட்டு வந்ததும் போய்ப் பார்த்தாள். இப்போது முதல் எண் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. மூன்றாவது எண் மற்ற இரண்டையும்விட மிகச் சின்னது. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தது.

"வாப்பா, எங்கட மீட்டர்ல ஏன் மூணு நம்பர் வருது?"

"மீட்டர்னா நம்பர் வரத்தான் செய்யும். போய்ப் படி மகள்" என்றார் வாப்பா. அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

ஸஹ்னா உம்மாவின் போனை எடுத்தாள். பழைய பில்லில் இருந்த இலக்கத்தை அழுத்தினாள். தமிழுக்கு ஒரு பட்டன், காத்திருக்க ஒரு பாட்டு, அந்தப் பாட்டு முடிந்து மறுபடியும் அதே பாட்டு. கடைசியில் ஓர் அக்கா பேசினார்.

"தங்கச்சி, வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

"உம்மா குசினில அழுதுக்கிட்டு இருக்காங்க. என்கிட்டயே சொல்லுங்க அக்கா. எங்கட மீட்டர்ல ஏன் மூணு நம்பர் வருது?"

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அக்கா நிதானமாகச் சொன்னார். "அது மூணு நேரத்துக்கு மூணு விலை தங்கச்சி. முதலாவது பகல் நேரம். இரண்டாவது பின்னேரம் ஆறரையில இருந்து ராத்திரி பத்தரை வரைக்கும். அப்ப எல்லா வீட்டுலயும் லைட் எரியும், அதனால விலை ரொம்பக் கூட. மூணாவது பத்தரையில இருந்து விடிய அஞ்சரை வரைக்கும். அதுதான் ஆகக் குறைஞ்ச விலை."

வாப்பா சார்ஜ் போடுவது மஃரிபுக்கு. மஃரிப் வருவதும் ஆறரையை ஒட்டித்தான். இரண்டு மாதமாக அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சொல்லி ஆகக் கூடிய விலைக்கே கரண்ட் வாங்கியிருக்கிறார்! இது தெரியாமல் உம்மா அம்மியில் அரைத்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டாரே!

"அக்கா, எங்க வாப்பா காருக்குப் பின்னேரம்தான் சார்ஜ் போடுறாரு."

"ஐயோ! பத்தரைக்குப் பிறகு போடச் சொல்லுங்க. காரிலேயே டைமர் இருக்கும், பாருங்க."

அன்று வாப்பா வந்து வயரைக் கையில் எடுத்ததும் ஸஹ்னா குறுக்கே போய் நின்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். வாப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் வயரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டார்.

"மீட்டர் மாத்துற அன்னைக்கு மூணு நேரம், மூணு விலைன்னு ஏதோ சொன்னாங்க. ஸ்கூல் விடுற நேரம். பிள்ளைகள ஏத்தணும்னு சரி சரின்னு தலைய ஆட்டிட்டு ஓடிட்டேன். மீட்டரை மாத்தினாலே பில் குறையும்னு நெனச்சேன்." இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "உன்ட உம்மாட காப்பை நான் தின்னுட்டேன் மகள்."

வாப்பா அழுவதை ஸஹ்னா அதற்கு முன் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தடவினாள்.

"காப்பு எங்கயும் போகல்ல வாப்பா. இந்தா, காரா நிக்குது. அதை வித்துறாதீங்க."

உம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பத்தரைக்கு நான் முழிச்சிருந்து வயரைக் குத்துறேன்" என்றார்.

"நீ இப்பவே சரியாத் தூங்குறதில்ல" என்றார் வாப்பா. அவராலும் முடியாது. சுபஹுக்கு முன் எழும்பிப் பகல் முழுவதும் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிறவர் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு கண் விழிக்கக்கூடாது.

"காரிலேயே டைமர் இருக்காம்" என்றாள் ஸஹ்னா.

"இருக்கும். ஆனா அந்த ஜப்பான்காரிட்ட யாரு கேக்கிறது?"

ஸஹ்னா உம்மாவின் போனோடு காருக்குள் ஏறினாள். காரின் திரையில் நண்டு ஊர்ந்ததுபோல் எழுத்துகள். போனின் கமராவை அவற்றுக்கு நேரே பிடித்தாள். எழுத்துகள் ஒருதரம் துள்ளித் தமிழாக மாறின. ஒரு பட்டன், "வானிலை மகிழ்ச்சி" என்றது. இன்னொன்று, "தயவுசெய்து முதலாளியை அழுத்தவும்" என்றது. மூன்றாவது பக்கத்தில், "மின்னேற்ற முன்பதிவு" என்று வந்தது.

"முன்பதிவா? கொழும்பு ரயிலுக்கா?" என்றார் வாப்பா. பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பகிடி. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

தொடங்கும் நேரத்தைப் பத்தே முக்கால் என்று வைத்தாள். வாப்பா வழக்கம்போல் பிஸ்மில்லாஹ் சொல்லி வயரைக் குத்தினார். சார்ஜ் ஏறவில்லை.

"பழுதாக்கிட்டோமா?"

"இல்ல வாப்பா. அது நேரம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு."

விடியும் முன் முதலில் எழும்பியது ஸஹ்னாதான். கார் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தது. மீட்டரில் இரண்டாவது எண் கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. அந்த மூன்றாவது எண் நன்றாக ஏறியிருந்தது.

ஆனால் வாப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தரம் அடிபட்டவர் அவர். உக்குவளை ஆளிடம், "பில் வரட்டும், பிறகு சொல்றேன்" என்றார். ஹுஸ்னி நானாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் மிக மெதுவாகப் போனது. நடுவில் விசா வந்துவிட்டது. உம்மா மாத்தளைச் சந்தையில் ஒரு பெரிய பயணப் பை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். பஸ்லி அதற்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, "நானும் கட்டாருக்கு வாறேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. உம்மா அவனைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, பையின் ஸிப்பை இழுத்து மூடினார்.

ஸஹ்னா ஒவ்வொரு தொழுகையிலும் ஒரே ஒரு துஆதான் கேட்டாள். வேறு எதையும் கேட்டால் அல்லாஹ் குழம்பிவிடக்கூடாது என்று பயந்தாள்.

பில் ஒரு சனிக்கிழமை வந்தது. உம்மா பார்க்க மாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டார். வாப்பா அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பில்லை மேசையில் வைத்துவிட்டு, முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

முடிந்தது என்று ஸஹ்னா நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

வாப்பா முற்றத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹுஸ்னி, என்ட பாஸ்போட்டைத் திருப்பித் தந்துருங்க. ஓ, விசா வந்தது தெரியும். மன்னிச்சுக்கோங்க. நான் வரல்ல. எனக்குத் திங்கக்கிழமை ஸ்கூல் ஹயர் இருக்கு."

ஸஹ்னா ஓடிப்போய் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அவர் சட்டையில் கொட்டியது. ஹுஸ்னி நானா போனில் ஏதேதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். வாப்பா போனைக் கீழே இறக்கிவிட்டு மகளை இரண்டு கைகளாலும் இறுக அணைத்துக்கொண்டார்.