ஃபேன் நின்ற மத்தியானம்

ஆலை ஃபேனை நிறுத்திய பிறகும் சத்தம் அளக்கும் மீட்டரில் டெசிபல் எண் இறங்கவில்லை.

ஐம்பத்திரண்டு. அக்கா வீட்டு வாசலில், முக்காலியில் பொருத்திய மைக்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷமாக இதே வாசலில் இதே எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. ஆலையின் சத்தம் அக்கம்பக்கத்தை உபத்திரவப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். அவனை 'மீட்டர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆலைச் சுவரை ஒட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போய்விட, மிச்சம் இருந்தது அக்காவும் மாமாவும்தான். அக்கா பதினோரு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லை. போன மாதம் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே கண் அயர்ந்து கையைச் சுட்டுக்கொண்டாள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் அவனைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அந்தக் கவலை அவனையும் தூங்கவிடவில்லை.

சத்தத்தை அளக்க ஒரு முறை உண்டு. முதலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அளக்க வேண்டும், பிறகு ஓட்டிவிட்டு அளக்க வேண்டும். கழித்தால் வருவது ஆலையின் பங்கு. ஆலைப் புகையை இழுக்கும் பெரிய ஃபேனுக்கு, சத்தத்தை அடக்க ஒரு வீட்டளவு சைலன்சரை அவன் மாட்டி முடிக்கும்வரை பழைய துணை ஃபேன் கத்திக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தியதால், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, இன்று மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எதுவுமே ஓடவில்லை.

ஆலை ஆப்பரேட்டருக்குப் போன் போட்டான். "நிறுத்திட்டீங்களா, இல்லையா?"

"அஞ்சு நிமிஷம் ஆச்சு சார். இங்க இருக்கிற அமைதியில என் வயித்துச் சத்தம் எனக்கே கேக்குது."

பேட்டரியை மாற்றினான். ஐம்பத்திரண்டு. மீட்டரோ தன் காதோ, இரண்டில் ஒன்று பழுது என்று அலுத்துக்கொண்டு மைக்கைக் கழற்றி எடுத்து வீட்டுக்குள் போனான். உள்ளே போனால் எண் குறைய வேண்டும், சுவர் மறைக்கும்.

ஐம்பத்தேழு.

கூடத்தில் ஈரத்துணியும் ஆலைத்தூசியும் கலந்த பழைய வாடை. ஜன்னல் திரை அசையாமல் தொங்கியது. மாமா நாற்காலியில் சாய்ந்து, மார்பில் செய்தித்தாள் சரிந்து கிடக்க, கண் மூடியிருந்தார். எங்கிருந்தோ ஒரு முனகல், ஒரே சீராக, தரை வழியாக உள்ளங்காலில் ஏறுகிற மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். மாற்றமில்லை. உள்ளறைக் கதவைத் தள்ளினான். அறுபத்தொன்று.

அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

அப்பாடா என்றிருந்தது. தூங்குகிறாள்! கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. எண் என்ன ஆனால் என்ன, அக்கா தூங்குகிறாளே என்று சந்தோஷப்பட்டான். பழக்கதோஷத்தில் மைக்கை ஜன்னல் பக்கம் காட்டினான். அறுபது. கட்டில் பக்கம் திருப்பினான். அறுபத்தாறு.

அவள் முகத்துக்கு அருகே கொண்டுபோனான்.

எழுபத்தொன்று.

குறட்டையாக இருக்கும். குறட்டைதான். ஆனால் குறட்டைக்கு நடுவில் மூச்சு வாங்க இடைவெளி இருக்கும். காத்திருந்தான். இடைவெளி வரவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. தொண்டைத் தோல் மட்டும் அதிர்ந்தது. அந்தச் சுருதி அவனுக்குத் தெரியும். அந்த ஃபேனின் சுருதி, இம்மி பிசகாமல். மூக்குக்குக் கீழே விரலை வைத்தான்.

காற்று வரவில்லை. உதடு நீலம்.

"அக்கா."

உலுக்கினான். கண் திறந்தாள். அவனை அடையாளம் தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. வாய் திறக்கவில்லை. சத்தம் நிற்கவில்லை.

ஃபேன் நின்றதால்தான் இது என்று பட்டது. மறுபடி போன். "ஃபேனைப் போடுங்க. உடனே."

"ரீடிங் எடுத்தாச்சா சார்?"

"போடுய்யா."

ஜன்னல் வழியே பார்த்தான். ஆலைப் புகைபோக்கியில் தூசி எழும்பியது. "ஓடுது சார், ஃபுல் ஸ்பீடு" என்றான் ஆப்பரேட்டர். ஃபேன் சத்தம் துளியும் காதில் விழவில்லை. அக்காவுக்கும் கேட்கவில்லை. சைலன்சரை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான்.

"பழைய துணை ஃபேன்?"

"அதோட மோட்டாரைத்தான் நிறுத்தின கையோட கழட்டி லாரியில ஏத்தியாச்சே. நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க."

"சைலன்சரைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"கிரேன் வரணும், ரெண்டு நாள் ஆகும். ஏன் சார், நல்லாத்தானே வேலை செய்யுது?"

போனில் பதிந்து வைத்திருந்த பழைய சத்தத்தைப் போட்டுப் பார்த்தான். சின்ன ஸ்பீக்கரில் கொசு மாதிரி வந்தது. தூக்கி எறிந்தான். குனிந்தான். அக்காவின் காதில் வாயை வைத்து, அந்தச் சுருதியைப் பிடித்து, தானே முனகினான்.

அவள் வாய் திறந்தது. மார்பு ஏறியது. வீலென்று காற்றை இழுத்தாள்.

அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். அவள் வாய் மூடிக்கொண்டது.

மறுபடி முனகினான். திறந்தது. நிறுத்தினால் மூடியது. சட்டென்று இழுத்துவிட்டுத் தொடர வேண்டும், அவ்வளவுதான் அவகாசம். உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

அப்போதுதான் கூடத்துச் சத்தம் தனியாகக் காதில் விழுந்தது. இத்தனை நேரம் கேட்டது ஒரு தொண்டை அல்ல. இரண்டு.

மாமா.

நாலு எட்டு தூரம். முனகிக்கொண்டே ஓர் எட்டு வைத்தான். அக்காவின் காதைவிட்டு விலகியதும் அவள் வாய் மூடியது. திரும்பி வந்தான். குரலை உயர்த்திப் பார்த்தான். கூடத்தில் மாமாவின் சத்தம் அது பாட்டுக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் மெலிந்தது. இழுத்தது. விட்டுவிட்டு வந்தது.

நின்றது. செய்தித்தாள் தரையில் சரிந்து விழுகிற சத்தம்.

அவன் தொண்டை எரிந்தது. முனகிக்கொண்டிருந்தான்.

"மாமாவைப் போய்ப் பாருடா" என்றாள் அக்கா, கிடைத்த மூச்சில்.

அவள் காதிலிருந்து வாயை எடுக்காமல், முடியாது என்று தலையசைத்தான்.