அலற அனுமதி வேண்டும்

போன் அடித்தது.

நெர்மீன் எடுத்தாள்.

"உங்க செயலியை நம்பி ஒருத்தர் செத்துக் கிடக்காரு, இன்ஜினியரம்மா. கஃபர் அப்து ஏரியா... ரிஃபாத் பே வீடு. உடனே வாங்க."

போலீஸ் கர்னல் வஜீஹ், ஊரே மரியாதையாக 'பாஷா' என்று அழைக்கும் அதிகாரி. அலெக்ஸாண்ட்ரியாவில் அந்தக் குரலுக்கு 'அப்புறம் வரேன்' சொன்னவர்கள் குறைவு.

அவள் டாக்சியில் ஏறினாள். சர்க்கரை நோயாளியின் கையில் ஒரு பட்டை. சர்க்கரை இறங்கினால் வீட்டார் போனில் அலாரம். அதுதான் அவள் உருவாக்கிய செயலி.

அது அடிக்கவில்லையா?

ரிஃபாத் பே சோபாவில் கிடந்தார். கை, சர்க்கரைக் கிண்ணத்தை நோக்கி நீண்டிருந்தது. ஒரு சாண் தூரம் எட்டவில்லை.

"அலாரமே கேக்கல, பாஷா." கறுப்பு உடையில் அவர் மனைவி ஷாஹினாஸ். "பக்கத்துத் தெருவுல துக்க வீட்டுல இருந்தேன். குர்ஆன் ஓதிக்கிட்டிருக்காங்க... போனை சைலன்ட்ல போடாம இருப்பாங்களா?"

கர்னல் நெர்மீனிடம் திரும்பினார்.

"சைலன்ட்டை மீறி அடிக்காதா?"

"அடிக்கும், பாஷா. ஆனா ஆப் ஸ்டோர் அதுக்குத் தனி அனுமதி தரணும். எட்டு மாசம் கெஞ்சினேன். போன மாசம்தான் கிடைச்சுது."

"அப்புறம் என்ன?"

"அதுலயும் ஒரு விதி. போன் யாருதோ, அவங்க சம்மதிக்கணும். நானா ஆன் பண்ண முடியாது."

"உயிர் போயிருக்கு. நீ விதி பேசுற." கர்னல் சிகரெட் பற்ற வைத்தார். "இன்சுலின் ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. கண்ணு மங்கல்... மறந்து இன்னொரு ஊசி போட்டுக்கிட்டாராம். அலாரம் அடிச்சிருந்தா பொழச்சிருப்பாரு. கேஸ் உன் மேலதான்."

நெர்மீன் ஷாஹினாஸ் பக்கம் திரும்பினாள்.

"மேடம்... சம்மதம் கேட்டு போன்ல ஒரு பெட்டி வந்திருக்குமே?"

"எதுவும் வரல. வந்திருந்தா சரின்னு அமுக்க மாட்டேனா? பொண்டாட்டி நான்."

"போனைத் தாங்க."

அலட்சியமாக நீட்டினாள்.

அமைப்புகள்... செயலியின் பெயர்... 'சைலன்ட்டை மீறி அடிக்கலாம்' என்று ஒரு வரி. பக்கத்தில் சுவிட்ச். அணைந்திருந்தது.

நெர்மீன் நிமிர்ந்தாள்.

"கேக்கவே இல்லன்னா இந்த வரியே இருக்காது, பாஷா. இவங்க சரின்னுதான் சொல்லியிருக்காங்க. போன வாரம் சைலன்ட்டை மீறி அடிச்சது எங்க பதிவுல இருக்கு. அப்புறம்தான் அணைச்சிருக்காங்க."

"நானா? இவளே அவ ஆபீஸ்லேருந்து அணைச்சிருப்பா, பாஷா!"

"ஸ்டோர் அதுக்கும் விடாது, மேடம். அந்த சுவிட்சைத் தொட ஒரே விரலாலதான் முடியும். போனைத் திறக்கற விரல்."

எட்டு மாதம் அவள் வாய் வலிக்கச் சபித்த விதிகள்... இப்போது அவள் பக்கம் நின்றுகொண்டிருந்தன.

கர்னல் கனிவாகச் சிரித்தார். "துக்க வீட்டுல அலறிடுமேன்னு அணைச்சிருப்பீங்க. அதானே, மேடம்?"

ஷாஹினாஸ் அந்தச் சாக்கைப் பற்றிக்கொண்டாள். "ஆமா, பாஷா. அதேதான். பதட்டத்துல மறந்துட்டேன். மரியாதை இல்லையா?"

"எப்ப அணைஞ்சுது, இன்ஜினியரம்மா?"

நெர்மீன் தன் போனைப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்த நேரம் செயலியின் பதிவில் இருந்தது.

"நேத்து ராத்திரி."

"பக்கத்துத் தெரு ஹாஜியார் இறந்ததே இன்னைக்குக் காலையில." கர்னல் சிகரெட்டை நசுக்கினார். "ரெண்டாவது ஊசி யார் போட்டதுன்னு ஸ்டேஷன்ல பேசலாம்."

ஷாஹினாஸ் பின்வாங்கினாள். "என் சம்மதம் இல்லாம என்னைக் கூட்டிட்டுப் போக முடியாது..."

"அந்த விதியெல்லாம் செயலிக்குத்தான், மேடம். ஜீப்புக்கு இல்ல."